கணக்கு படித்தவர் டிசைனர் ஆகலாமா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 29. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் படித்தவர். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை, மாதம் 3,400 வெள்ளி சம்பளம். இரவில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், சிராங்கூன் சாலைப் புடவைக் கடைக்குத் தீபாவளித் தள்ளுபடிச் சுவரொட்டி, வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மெனு என்று செய்து தருகிறார். சுவரொட்டிக்கு 80 வெள்ளி வாங்குகிறார். “ஆபீசில் மணி எப்போது ஆறாகும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்த வேலையில் ராத்திரி மணி இரண்டானாலும் தெரிவதில்லை” என்கிறார்.

இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேர டிசைனர் ஆகிவிடலாமா என்று கேட்கிறார். கலைக் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டம் படிப்பதா, ஆறு மாத யூஎக்ஸ் (செயலி, இணையத்தளங்களைப் பயன்படுத்துவோருக்கு எளிதாக வடிவமைக்கும் வேலை) பயிற்சியில் சேர்வதா, ஒன்றும் படிக்காமல் நேரே ஃப்ரீலான்ஸில் இறங்குவதா? ஏஐ வந்த பிறகு இந்தத் தொழில் நிற்குமா? தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளுக்குச் செய்ததைப் போர்ட்ஃபோலியோவில் வைத்தால் பெரிய நிறுவனங்கள் சிரிக்காதா? அடுத்த ஆண்டு கல்யாணம், பிடிஓ எனப்படும், புதிதாகக் கட்டித் தரும் அரசாங்க வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலையை விட்டால் வீட்டு மானியம் போய்விடுமா? அப்பாவோ, “கணக்குப் படிச்சிட்டுப் படம் வரையப் போறியா?” என்று கேட்டதோடு பேச்சையே நிறுத்திவிட்டாராம். கடைசியில் ஒரு பின்குறிப்பு: கேட்டரிங் நடத்தும் ஒருவர் லோகோ, மெனு, வேன் ஸ்டிக்கர் எல்லாம் வாங்கிக்கொண்டு 1,400 வெள்ளியைத் தரவே இல்லை. “ஒன்றரை ஆண்டாயிற்று. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.”

அன்புள்ள வாசகிக்கு,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகள் ஒரு மாதம் காத்திருந்தாலும் கெட்டுப்போகாது. இதற்குக் கெடு இருக்கிறது.

அந்த 1,400 வெள்ளி

எழுதி வாங்காவிட்டால் உரிமையே இல்லை என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. வாய்ப்பேச்சில் முடித்ததும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் சிரமம். உங்களிடமோ நிரூபிக்க நிறையவே இருக்கிறது. “மொத்தம் 1,400க்கு முடிச்சுக் கொடுங்க” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப், நீங்கள் அனுப்பிய கோப்புகள், “சூப்பர், பிரின்ட்டுக்குப் போட்டுட்டேன்” என்ற பதில், அப்புறம் உங்கள் லோகோவோடு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வேன். எல்லாவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓரிடத்தில் வையுங்கள்.

முதலில் கோபமில்லாத ஒரு கடிதம்: எந்த வேலை, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் வேண்டும். இரண்டு வாரம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் இரண்டு வழி. சொந்தத் தொழில் செய்பவர்களின் சம்பளப் பாக்கிக்கு, ‘டாடம்’ என்று சொல்லப்படும் முத்தரப்பு அமைப்பு சமரசம் பேசி வைக்கும். ஆனால் அவரும் வர ஒப்புக்கொள்ள வேண்டும். வரமாட்டார் என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கறிஞர் வைக்க இரு தரப்புக்குமே அனுமதியில்லை, ஆகவே அவர் பெரிய ஆளைக் கூட்டிவந்து மிரட்டுவார் என்ற பயம் வேண்டாம். விண்ணப்பம் இணையத்திலேயே. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பணம் தர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். உங்களுக்கு மிஞ்சியிருப்பது சுமார் ஆறு மாதம்.

லோகோ என்னுடையதுதானே, வேனிலிருந்து கிழிக்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை ஃப்ரீலான்சர் செய்ததன் உரிமை ஃப்ரீலான்சருக்கே. அதைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் தேவை. ஆனால், “எனக்கென்று கேட்டுச் செய்த லோகோ, பயன்படுத்த அனுமதி உண்டென்றுதானே அர்த்தம்” என்று அவர் வாதாட இடமிருக்கிறது. இந்தத் தொகைக்கு அந்தச் சண்டை வேண்டாம். பணத்தை வாங்குங்கள். ஃபேஸ்புக்கில் அவர் பெயரைப் போட்டுத் திட்டவும் வேண்டாம். அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பலாம்.

கடிதம் அனுப்புவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். அந்த லோகோவில் உள்ள தமிழ் எழுத்துரு எங்கிருந்து வந்தது? “இலவசமாகக் கிடைத்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். இலவச எழுத்துருக்கள் பலவும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுந்தான் இலவசம்; காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு உரிமம் வாங்க வேண்டும். நோட்டோ, கேட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமத்தில் இருப்பதால் வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இனிமேல் எந்த வேலைக்கு எந்த எழுத்துரு, என்ன உரிமம் என்று ஒரு எக்செல் தாளில் குறித்து வையுங்கள். அது உங்களுக்குக் கைவந்த கலைதானே.

மெனுவை முன்னால் வையுங்கள்

நீங்கள் இணைத்திருந்த படங்களையெல்லாம் பார்த்தேன். முதலில் வைத்திருப்பவை இல்லாத ஒரு காப்பி பிராண்டுக்கு லோகோ, விமான நிறுவனச் செயலிக்குப் புது முகம், ஒரு வாசனைத் திரவியப் பெட்டி. சுத்தமான வேலைதான். ஆனால் விண்ணப்பிக்கிற எல்லாரிடமும் இதே மூன்றும் இருக்கும். டிசைன் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் மேசையில் பல காலம் உட்கார்ந்திருந்தவள் என்பதால் சொல்கிறேன், கற்பனை காப்பி பிராண்டைப் பார்த்ததும் கை தானாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை மெனுவைக் கடைசியில், கொஞ்சம் வெட்கத்தோடு வைத்திருக்கிறீர்கள். எனக்குப் பிடித்தது அதுதான். பழைய மெனுவையும் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அதில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தைவிட நீளமாக இருப்பதால் பாதி அளவுக்குக் குறுக்கி ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். நீங்கள் தமிழுக்கு இரண்டு வரி இடம் விட்டீர்கள், செட் சாப்பாட்டைத் தனிக் கட்டத்தில் போட்டீர்கள், விலைகளை ஒரே கோட்டில் நிறுத்தினீர்கள், கடையின் குழல்விளக்கு பளபளப்பில் பட்டுக் கண் கூசுகிறது என்று பளபளக்காத லேமினேஷன் கேட்டு வாங்கினீர்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, “அதுக்கப்புறம் செட் பியில் கோழியா ஆடா என்று கல்லாவில் யாரும் கேட்பதில்லையாம்” என்று ஒற்றை வரியில் கடந்துபோகிறீர்கள்! டிசைன் என்பதே அதுதான் அம்மா. அழகாக வரையத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கல்லாவில் கேள்வி வருவதைக் கவனித்து அதை நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

ஆகவே அந்த மெனுவை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய படம், அதில் என்ன கோளாறு, நீங்கள் முயன்று கைவிட்ட ஒன்றிரண்டு வடிவங்கள், ஏன் கைவிட்டீர்கள், கடைச் சுவரில் மாட்டிய பிறகு என்ன ஆனது, எல்லாம் இருக்கட்டும். இப்படி நான்கைந்து வேலைகள் போதும். பார்ப்பவர் ஒதுக்குவது சில நிமிடந்தான். அதற்குள் உங்கள் மூளை எப்படி ஓடுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அதே மூச்சில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கேட்டரிங் விளம்பரத்தில் ‘கோழி’யின் இரட்டைக்கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் தமிழில் குறையில்லை. மென்பொருளின் வழக்கமான அமைப்பு தமிழுக்கு ஏற்றதல்ல. இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பும் துணைக்காலும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். மற்றபடி, அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப்பைத் திறந்து ஒவ்வொரு தமிழ் வரியையும் படித்துப் பார்க்காமல் அனுப்பவே கூடாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊர் இது. பலகையிலும் துண்டறிக்கையிலும் தமிழ் சிதைந்து வருவதும், அதை நாம் படமெடுத்துப் பகிர்ந்து திட்டுவதும் அவ்வப்போது நடக்கிற கூத்து. அங்கே உட்கார்ந்திருக்கும் டிசைனருக்குத் தமிழ் தெரியாது, தப்பு என்று கண்ணுக்கும் படாது. நான்கு மொழியையும் ஒரே தாளில் சண்டையில்லாமல் உட்கார வைக்கத் தெரிந்தவர் என்று நீங்கள் பெயர் எடுத்தால் மருத்துவமனை, வங்கி, அரசாங்க வேலைகள் எடுக்கும் ஏஜென்சிகள் உங்களைத் தேடும். நீங்கள் மறைக்க நினைத்தது இதைத்தான். ஆனால் இதை மட்டுமே நம்பியும் இருக்காதீர்கள். குடிமக்கள், நிரந்தரவாசிகளில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு; தமிழ் வேலை மட்டும் செய்து பிழைக்க இங்கே சந்தை சிறியது.

படிப்பு

கலைக் கல்லூரிப் பட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். லாசால், நாஃபா இரண்டும் இப்போது சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துவிட்டன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கலை, வடிவமைப்புப் பள்ளி இருக்கிறது. 19 வயதுப் பிள்ளை கேட்டால் போ என்பேன். உங்கள் நிலைமை வேறு. மூன்றாண்டு சம்பளம் 122,400 வெள்ளி; மத்திய சேம நிதிக்கு முதலாளி போடும் 17 விழுக்காட்டைச் சேர்த்தால் 143,000ஐத் தாண்டும். கட்டணம் தனி. கட்டடக்கலை என்றால் பட்டம் இல்லாமல் முடியாது, செலவழிக்கத்தான் வேண்டும். கிராஃபிக் டிசைனிலும் யூஎக்ஸிலும் முதலில் பார்ப்பது செய்த வேலையைத்தான்.

ஆறு மாத யூஎக்ஸ் பயிற்சி பற்றி நீங்கள் கொஞ்சம் அதிகமாக நம்புகிறீர்கள். சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. வகுப்பில் இருபது பேர் என்றால் இருபது பேரும் ஒரே மாதிரிப் பயிற்சித் திட்டத்தோடு வெளியே வருவார்கள். போக வேண்டாம் என்றில்லை. 25 வயதில் குடிமக்களுக்குக் கிடைத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை உங்களிடம் மிச்சம் இருந்தால், வேலையில் இருந்துகொண்டே எழுத்தமைப்பு அல்லது யூஎக்ஸில் ஒரு மாலை வகுப்பு எடுங்கள். பாடத்தைவிட, உங்கள் வேலையை ஒருவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது முக்கியம். உங்களுக்கு இதுவரை கிடைக்காதது அது ஒன்றுதான். கடைக்காரர்கள் எல்லாரும் “நல்லாருக்கு, கொஞ்சம் பெருசா போடுங்க” என்றுதான் சொல்லியிருப்பார்கள். மிடில் ரோட்டில் தேசிய வடிவமைப்பு நிலையம் இருக்கிறது, கண்காட்சிகள் நடக்கும். பொது நூலகங்களில் டிசைன் புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் காசில்லை.

ராஜினாமாக் கடிதம் இப்போது வேண்டாம்

நேரே ஃப்ரீலான்ஸில் இறங்குவது மூன்று வழியிலும் மோசமான வழி என்பது என் கருத்து. உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் ஓரிரு ஆண்டு உட்கார்ந்து வேலை செய்யாமல் தனியாகப் போனால், இன்று செய்கிற தப்பையே ஐந்து ஆண்டு கழித்தும் வேகமாகச் செய்துகொண்டிருப்பீர்கள். சம்பளத்தோடு டிசைன் வேலை தேடுங்கள். தொடக்கத்தில் 3,400ஐவிடக் குறைவாகத் தரலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

எங்கே தேடுவது? இங்கேதான் 29 வயது உதவுகிறது. அழகழகான பிராண்டிங் ஏஜென்சிகளின் வாசலில் இளம் பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள். சம்பளப் பட்டியல் மென்பொருள், இன்வாய்ஸ் செயலி, சரக்குக் கண்காணிப்புத் திரை செய்யும் நிறுவனங்களின் வாசலில் அவ்வளவு கூட்டமில்லை. ஆறு ஆண்டு இன்வாய்ஸ் பார்த்தவருக்கு அந்தத் திரையில் எந்தப் பொத்தான் எரிச்சலூட்டும் என்று யாரும் கற்றுத்தர வேண்டாம். இப்போதைய அலுவலகத்திலேயே ஒன்று கேட்டுப் பாருங்கள்: உங்கள் நிறுவன இன்வாய்ஸையோ கோரிக்கைப் படிவத்தையோ மாற்றி அமைத்துத் தருகிறேன் என்று. ஒப்புக்கொண்டால், திருப்பி அனுப்பப்படும் படிவங்கள் முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று எண்ணி வையுங்கள். போர்ட்ஃபோலியோவில் அதைவிடக் கனமான பக்கம் இருக்காது. வேலையில் இருக்கும்போது நிறுவனத்துக்காகச் செய்தது நிறுவனத்துக்கே சொந்தம், ஆகவே வெளியே காட்டுமுன் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஒரு சங்கடமான விஷயம். “மதிய இடைவேளையில் ஆபீஸ் லேப்டாப்பில் முடித்துவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். வேலை ஒப்பந்தத்தை எடுத்து, வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். முன்அனுமதி கேட்கும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கும். அப்புறம், பக்க வருமானம் சிறிது என்பதால் வரிக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்பதும் தவறு. காட்ட வேண்டும். செலவு போக ஆண்டு வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவும் கட்ட வேண்டும். உங்கள் முழுப் பெயரிலேயே செய்தால் தொழில் பதிவு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டாம், கடைப்பெயர் வைத்தால் பதிய வேண்டும்.

வீட்டு விஷயத்தில் உங்கள் பயம் பாதிதான் சரி. கூடுதல் வீட்டு மானியத்துக்கு உங்கள் இருவரில் ஒருவராவது விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வேலையில் இருப்பதால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். இடிப்பது கடனில். வங்கிகள் மாறும் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடும், வரி ஆவணமும் கேட்கும். வீட்டுக்கடன் கையெழுத்தாகும் வரை மாதச் சம்பளத்தில் இருப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

எண்பது வெள்ளிக் கணக்கு

ஒரு சுவரொட்டிக்கு ஏழெட்டுத் திருத்தம், மொத்தம் பத்து மணி நேரம் என்கிறீர்கள். மணிக்கு 8 வெள்ளி. “முதலில் குறைவாக வாங்கினால்தான் பெயர் கிடைக்கும்” என்ற நம்பிக்கையை விடுங்கள். குறைவாக வாங்கினால் குறைவாகத் தருபவர்களிடந்தான் பெயர் கிடைக்கும். என்றாவது தனியாகத் தொழில் செய்தால் கணக்கு இப்படிப் போகும்: செலவு, சேமிப்பு, மென்பொருள் எல்லாம் சேர்த்து மாதம் 3,600 வெள்ளி வேண்டும் என்று வையுங்கள். மாதத்தில் காசு வரும் வேலைநாள் பன்னிரண்டு கிடைத்தாலே பெரிது, மீதி நாள் ஆள் பிடிப்பதிலும் பாக்கி கேட்பதிலும் போய்விடும். அப்படியென்றால் நாளுக்கு 300. ஒன்றரை நாள் சுவரொட்டிக்கு 450. புடவைக்கடை அண்ணன் தருவாரா? மாட்டார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, அந்தச் சுவரொட்டி அவருக்கு அவ்வளவு சம்பாதித்துத் தராது என்பதால். ஆண்டு முழுவதற்கும் ஒரே அச்சில் பன்னிரண்டு சுவரொட்டி, இரண்டே திருத்தம் என்று மொத்தமாகப் பேசினால் இருவருக்கும் கட்டும்.

இனி ஒரு பக்கமாவது எழுதாமல் கணினியைத் திறக்காதீர்கள்: யார் யாருக்கு, என்னென்ன கோப்பு, எத்தனை திருத்தம், அதற்கு மேல் போனால் எவ்வளவு, பாதி முன்பணம், மீதி எந்தத் தேதி, உரிமை எப்போது கைமாறும். முழுப்பணம் வந்த பிறகே உரிமை கைமாறும் என்ற ஒரு வரி இருந்திருந்தால் கேட்டரிங்காரர் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகைக்கும் இதே பக்கந்தான். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஏஐ பற்றிச் சுருக்கமாக: 80 வெள்ளிச் சுவரொட்டியைத்தான் அது முதலில் விழுங்கும், விழுங்கத் தொடங்கியும்விட்டது. கல்லாவில் என்ன கேள்வி வருகிறது என்று கடையில் நின்று பார்ப்பது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள், அதைப் பற்றிக் கவலைப்பட்டு ராத்திரி விழிக்காதீர்கள்.

அப்பா விஷயம். “எனக்குப் பிடித்திருக்கிறது” என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம்தான் கூடும். கணக்குப் படிக்க வைத்தவரிடம் கணக்காகவே பேசுங்கள். ஒரே தாளில் மூன்று விஷயம்: கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, எந்த மாதம் வரை டிசைன் வேலை தேடப் போகிறீர்கள், கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள். மூன்றாவதைத்தான் அவர் முதலில் படிப்பார். கணக்குப் பிரிவுக்குத் திரும்பிப் போகும் வழி உங்களுக்கு அடைபடவில்லை, அதை அப்படியே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். அச்செடுத்துக் கையில் கொடுங்கள், எழுத்தளவு கொஞ்சம் பெரிதாக.